ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

அன்புள்ள காஷிஃப்,

புதிய அமெரிக்கக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் குறுந்தகட்டில் வருகின்றன. இடத்தையெல்லாம் படங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. நாம் இருவரும் எழுதிய விளையாட்டு ஒரே ஃபிளாப்பியில் அடங்கியது. இங்குள்ள கம்பெனிகளுக்கோ வங்கிக் கணக்கு பார்ப்பதுதான் மென்பொருள். விளையாட்டு என்றால் சிரிக்கிறார்கள். அப்படி ஒரு கம்பெனி வேலையை நீ விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

நம் விளையாட்டை அங்குள்ள ஒரு கம்பெனியில் காட்டத்தான் நீ பம்பாயில் ஃபிளாப்பிக்காகக் காத்திருக்கிறாய்.

போன வாரம் ஆயுத பூஜை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தாள். ஃபிளாப்பிக்கும்.

"காஷிஃப் உழைப்பும் இதுலதானேடா இருக்கு? அவனுக்கும் நன்னா நடக்கட்டும்னு வெச்சேன்" என்றாள்.

உறையில் உள்தகடு தெரியும் திறப்பு இருக்கிறதே, அது பொட்டு வைக்கவே விட்ட இடம்போல அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

துடைத்தேன். மாம்பலத்தில் தெரிந்தவர்களின் கம்ப்யூட்டர்களில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். எதிலும் திறக்கவில்லை. நம் ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். வேறு பிரதி இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. அனுப்பிவிட்டேன் என்றேன். தினமும் கேட்கிறாள்: "பம்பாய்ல பாத்தாளாமா? என்ன சொன்னாளாம்?"

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. ஊருக்கு வந்ததும் உன்னிடமும் கேட்பாள். பார்த்தார்கள், விளையாட்டு நன்றாக இல்லை என்றார்கள் என்று சொல்லிவிடு.

அதில் பாதியை எழுதியவன்