வேட்டியில் சிக்கிய அயிரை

சிவமயம்

கரம்பொன் கிழக்கு,
ஊர்காவற்றுறை.
28.9.1986

என் அன்புள்ள அத்தானுக்கு,

இராசேஸ்வரி எழுதுவது. வீட்டில் நானும் வரியனும் புள்ளியனும் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். அந்தக் குளிரில் நீங்கள் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறீர்களா என்று எங்கள் மூவருக்கும் கவலை. மற்ற இருவரும் மீன்களாகப் பிறந்துவிட்டதால் அவர்களுக்கும் சேர்த்து நானே கேட்கிறேன்.

மூன்று மாதம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. தபால்கார சிவக்கொழுந்து அண்ணை படலையில் நின்று மணி அடித்து, "தங்கச்சி, ஜேர்மனி!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். அடுப்பில் இருந்த புட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். புட்டும் போயிற்று, பானையும் கருகியது. பிரித்துப் பார்த்தால் நான்கு பக்கமும் அயிரை மீன்! அங்கே நூலகத்தில் ஒரு மீன் புத்தகம் கண்டீர்களாம். அயிரைகளில் ஒரு சாதிக்குக் கண்ணுக்குக் கீழே மடக்கிக்கொள்ளும் முள் உண்டாம். நம்முடைய மீன்களுக்கு அது இருக்கிறதா என்று நான் பார்த்து எழுத வேண்டுமாம். கடைசி வரியில் "நீர் சுகம்தானே" என்று ஒரு கேள்வி. பெண்சாதி என்று ஒருத்தி இருப்பது அந்த வரி வரைக்குமாவது நினைவில் இருந்ததே, பெரிய சந்தோஷம்.

ஆனாலும் நீங்கள் சொல்லி நான் செய்யாமல் இருப்பேனா? மெல்லிய துணியில் ஏந்திப் பார்க்கச் சொன்னீர்கள். அலுமாரியைத் திறந்து உங்கள் பழைய நூல் வேட்டியைத்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டு ஜசிந்தா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் புள்ளியனை ஏந்தினோம். அது ஒரு துள்ளுத் துள்ளியது, அவ்வளவுதான். முள்ளை விரித்து வேட்டி நூலில் கொளுவிக்கொண்டது. நான் பதறிப்போய் இழுக்கப் பார்த்தேன். "ஐயோ அக்கா, இழுக்காதேங்கோ! கண் வந்திடும்" என்று ஜசிந்தா கத்தினாள். வேட்டியோடு சேர்த்து மீனைச் சட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டி எடுத்தேன். மீன் பிழைத்தது. வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அடுத்து வரியன். அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது, ஒன்றும் கொளுவவில்லை. உங்கள் பூதக்கண்ணாடியை வைத்துக் கண்ணுக்குக் கீழே தேடினேன். முள் இல்லை.

ஆகையால், என் கெட்டிக்கார அத்தான், குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே சாதி இல்லை. வரி போட்டது ஆண், புள்ளி வைத்தது பெண் என்று நீங்களே முடிவுகட்டி, விடிந்ததும் விறாந்தையில் கண்ணாடித் தொட்டி முன்னால் குப்புறப் படுத்து முட்டை தேடினீர்களே! குஞ்சு பொரித்தால் சிவபாதம் மாஸ்டருக்கு ஒரு சோடி தருவதாக வாக்கு வேறு கொடுத்திருக்கிறீர்கள். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஜசிந்தா சிரித்த சிரிப்பில் குசினி வாசலில் நின்ற கோழி பறந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டும் இன்னும் அதே ஓட்டுத் துண்டின் கீழேதான் ஒட்டிப் படுக்கின்றன. சாதி வேறு என்று அவற்றுக்கு நான் சொல்லவில்லை.

சிரிப்பு அன்று பின்னேரம் வரைக்கும்தான். சறோ அக்கா வந்தா. அவர்கள் குடும்பமாகத் திருச்சிக்குப் போகிறார்கள். ஐப்பசி பிறந்ததும் வள்ளமாம். ஒருவரும் வெளியே சொல்லவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். "நீயும் வெளிக்கிடு. ஆரை நம்பித் தனிய இருக்கிறாய்?" என்று கேட்டா. மீனைப் பார்க்க வேண்டும் என்றேன். நான் சொன்னது எனக்கே மடத்தனமாகத்தான் கேட்டது. அக்கா எழுந்துபோய்த் தொட்டியைப் பார்த்தா. வரியன் மட்டும் இருந்தது. வேட்டியில் பட்ட பாட்டுக்குப் பிறகு புள்ளியனைக் காணவில்லை.

அடுத்த நாளும் காணவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. புழு நறுக்கிப் போட்டாலும் வரியன்தான் வந்து தின்றது. நம் கிணறு இப்போது உவர்த்துவிட்டது. கோயில் கிணற்றில் வரிசையில் நின்று கொண்டுவரும் நல்ல தண்ணீரில்தான் அவற்றுக்கும் பங்கு. அங்கே பெண்கள் என்னைப் பார்த்து, "மனுசன் ஜேர்மனியில, மனுசி மீனுக்குத் தண்ணி சுமக்கிறா" என்று பகிடி பண்ணுவார்கள். மூன்று மாதம் கடிதம் வராதபோது அந்தப் பகிடியும் நின்றிருந்தது. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

ஒரு கிழமை போனபின் அக்கா திரும்பவும் வந்து, தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ர மனுசன் அயிரையை விட்டு விரால் பிடிக்கப் போனவர். விராலும் இல்லை, இப்ப அயிரையும் செத்துப்போச்சு. இனியாவது வா" என்றா. அக்கா கெட்டவ இல்லை, என்மேல் உயிர். அதனால்தான் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. தொட்டியின் அடி மணலைக் கிளறிப் பார்த்திருக்கலாம். கிளற வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தபடியால் கை வைக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், பார்க்கப் பயம்.

முந்தநாள் பின்னேரம் அனலைதீவுப் பக்கம் வானம் கறுத்து இடி இடித்தது. தண்ணீர் கலங்குகிறதே என்று பார்த்தால், மணலைப் பிளந்துகொண்டு ஒரு மூக்கு, பிறகு மீசை, பிறகு முழுப் புள்ளியன்! கண்ணாடியில் மேலும் கீழுமாக ஓடியது. இத்தனை நாளும் அந்த மணலுக்குள்தான் உயிரோடு இருந்திருக்கிறது. நான் மழையில் நனைந்துகொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். மீன் இருக்கிறது என்றேன். நான் வரவில்லை என்றும் சொன்னேன்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உங்களை எனக்குத் தெரியாதா? சொல்ல முடியாத ஒன்று மனதில் இருக்கும்போதுதான் நீங்கள் மீனைப் பற்றிப் பேசுவீர்கள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் நீங்கள் இருந்த இரத்தினபுரி வீடு எரிந்து, அகதிக் கப்பலில் வந்து இறங்கி, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு இந்தப் படலையில் நின்றீர்கள். பின்வளவுத் தொட்டியில் மிஞ்சிய இரண்டு மீன்கள் அதற்குள். உடுப்பெல்லாம் புகை மணம். என்ன நடந்தது என்று கேட்ட எனக்கு, "இஞ்சேரும், இதுகளுக்கு உடன தண்ணி மாத்த வேணும்" என்றீர்கள். நான் வாளியோடு ஓடித் தண்ணீர் அள்ளி வந்தேன். மற்றதெல்லாம் நீங்கள் பிறகு ஆறுதலாகத்தான் சொன்னீர்கள்.

அங்கே உங்கள் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அதுதானே, அத்தான்? என்னை அங்கே கூப்பிட வழியில்லை என்பதை எழுதக் கை வராமல்தானே நான்கு பக்கம் அயிரை எழுதினீர்கள்?

வாருங்கள் என்று எழுதப் பயமாக இருக்கிறது. இங்கே நிலைமை அப்படி. வராதீர்கள் என்று எழுத மனம் இல்லை. அக்காவின் வள்ளத்தில் போ என்று நீங்கள் சொன்னால் போகிறேன், மீன்களை ஜசிந்தாவிடம் விட்டுவிட்டு. இரு என்றால் இருக்கிறேன். எதுவானாலும் உண்மையை எழுதுங்கள். ஒரு வரி போதும். அந்த வரியில் மீன் வேண்டாம்.

உழைத்துக் கொண்டுவராமல் எப்படி வந்து நிற்பது என்று மட்டும் எண்ண வேண்டாம். அன்றைக்கும் நீங்கள் அந்தப் போத்தலைத் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை. நான் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேனா இல்லையா?

நயினை அம்மன் உங்களை எந்த ஊரிலும் கைவிடாள்.

உங்கள் பதிலுக்குப் படலையைப் பார்த்தபடி,
உங்கள்
இராசேஸ்வரி