எறும்பு ஏறாத தீவனத் தொட்டி

ஹௌக்கி தீவு, ஜூன் 6

மதிப்புக்குரிய ஹில்க்கா அம்மையாருக்கு,

ஒஸ்மோ எழுதிக்கொள்வது. கோடைக்கென்று தங்களிடம் வாடகைக்கு எடுத்த மூன்று கோழிகளும் சுகம். நான்தான் சுகமில்லை. தீவன மூட்டைக்குள் எறும்பு புகுந்துவிட்டது. கோழிகள் ஒரு கொத்துக் கொத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கின்றன.

என் புத்திக்கு எட்டியபடி சவுனா நீராவிக் குளியலறையின் அடுப்புச் சாம்பலைக் கூண்டைச் சுற்றிக் கோடாகப் போட்டேன். மூவரும் அதில் படுத்துப் புரண்டு குளித்துவிட்டார்கள். இனி என்ன செய்யட்டும்?

பணிவுடன்,
ஒஸ்மோ

---

ஜூன் 9

ஒஸ்மோ அவர்களுக்கு,

மூட்டையிலேயே தீவனத்தை வைத்தால் எறும்பு வராமல் என்ன செய்யும்? தகர டப்பாவில் கொட்டி இறுக மூடுங்கள். டப்பாவை முக்காலி மேல் ஏற்றி, முக்காலியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள். சுற்றிலும் புல்லை வெட்டுங்கள்.

என் கோழிகள் பட்டினி கிடப்பதை நான் பொறுக்க மாட்டேன். இப்படியே போனால் ஜூன் கடைசியில் வரும் யுஹன்னுஸ் நடுக்கோடைத் திருநாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வேன்.

ஹில்க்கா

---

ஜூன் 13

அன்புள்ள ஹில்க்கா அம்மையாருக்கு,

எல்லாம் செய்தேன். டின் தண்ணீரைக் கோழிகள் குடித்துத் தீர்த்தன. மறுபடி ஊற்றினேன். பெருக்கிவிட்டுத் துடைப்பத்தை முக்காலியில் சாய்த்து வைத்தேன். எறும்புகள் அதன் வழியே ஏறி, மூடி இடுக்கில் நுழைந்துவிட்டன. நான் பாலம் கட்டும் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கே பாலம் கட்டிக் காட்டுகின்றன.

கோழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். என் மனைவி ஐலி காலமான பிறகு, காலையில் என்னைக் கூப்பிட இந்த வீட்டில் ஆளில்லை. இவர்கள் கூப்பிடுகிறார்கள். தீவனத்துக்காகத்தான் என்றாலும் எனக்கு அது போதும்.

ஒஸ்மோ

---

ஜூன் 17

அன்புள்ள ஒஸ்மோ,

உங்கள் கடிதத்தோடு படகுக்காரர் ரெய்னோ ஒரு செய்தியும் கொண்டு வந்தார். "அக்கா, அந்தாளு தெனம் காப்பி குடிக்கிறப்ப கோழிங்களையும் பக்கத்துல உக்கார வெச்சு, தட்டுல ஏலக்காய் பன்னு பிச்சுப் போடுறாரு. மேல சக்கர தூவின பன்னு. கூண்டு பூரா அந்தத் துணுக்குதான். கேட்டா, விருந்தாளிங்கிறாரு."

எறும்பு தீவனத்துக்கு வரவில்லை ஐயா, உங்கள் விருந்துக்கு வந்திருக்கிறது. பன்னை நிறுத்துங்கள். திருநாள் வரை பார்க்கிறேன்.

ஹில்க்கா

---

ஆகஸ்ட் 27

அன்புள்ள ஹில்க்கா,

திருநாள் கழிந்தும் கோழிகளை என்னிடமே விட்டு வைத்தீர்கள். நன்றி. எறும்பு போய் வெகுநாளாகிறது. ஆனால் பன்னை நான் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் காப்பி குடிப்பதா? கூண்டை விட்டுத் தள்ளி, கரையோரப் பாறையில் பரிமாறி, உடனே கழுவிவிடுகிறேன்.

கோடை முடிந்தது. நாளை ரெய்னோ மூவரையும் ஏற்றி வருகிறார். காப்பிக்குக் கோப்பையை எடுக்கவே மனம் வரவில்லை.

ஒஸ்மோ

---

செப்டம்பர் 5

ஒஸ்மோவுக்கு,

முப்பது வருடமாக என் கொட்டகையில் எறும்பு ஏறியதில்லை. இப்போது வரிசை கட்டி வருகிறது. காப்பி வேளை ஆனதும் உங்கள் விருந்தாளிகள் மூவரும் சமையலறை வாசலில் நின்று கத்துகிறார்கள். அவர்களைப் பார்த்து மற்ற கோழிகளும் கற்றுக்கொண்டுவிட்டன. தொல்லை தாங்காமல் நேற்று பன் சுட்டு அவர்களுக்கும் பிய்த்துப் போட்டேன். ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கெடுத்தவர்தான் வந்து சரிசெய்ய வேண்டும். முக்காலியையும் டின்களையும் தூக்கிக்கொண்டு சனிக்கிழமைப் படகில் வாருங்கள். எறும்பு ஒரு நாளில் போகாது, மாற்றுத் துணியும் எடுத்து வாருங்கள். துடைப்பத்தை மட்டும் நீங்கள் தொட வேண்டாம்.

பன் வாங்கி வராதீர்கள். சுட்டதில் கொஞ்சம் கோழிகளுக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஹில்க்கா