நாற்பத்தொரு காலிக் கட்டங்கள்

ஸ்ஃபாக்ஸ்,
18 நவம்பர் 2009, புதன், பிற்பகல்

அன்புள்ள நிசார் அண்ணாவுக்கு உன் தங்கை இன்ஸாஃப் எழுதுவது. ஸலாம்.

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன், என்னைக் குற்றவாளியாக்குவதையும் சேர்த்து. மின்னஞ்சல் அனுப்பாத காரணம் உனக்குப் போகப்போகப் புரியும். லாரி ஓட்டும் தவ்ஃபீக் மாமா வெள்ளிக்கிழமை மார்செய் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறுகிறார். அவர் சட்டைப்பையில் இது வரும். பள்ளி நூலகத்தில், ஆய்வுக்கூடத்துக்கு எதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் அப்பாவுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிடா வாங்கி மொட்டைமாடியில் கட்டியிருக்கிறோம். கொடியில் காய்ந்த என் பள்ளி மேலங்கியின் காலரைத் தின்றுவிட்டது. அம்மா அதையும் உன் பெயரைச் சொல்லித்தான் திட்டினாள்: "நிசார் மாதிரியேதான், கண்ணுல பட்டதையெல்லாம் மேயுது." திட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனி பட்டியல். லியோனுக்குப் படிக்கப் போகும்போது நம் நாட்டு வலைப்பதிவுகளின் ஓடைப் பட்டியலை என்னிடம் ஒப்படைத்தாய். எவர் எங்கே புதிதாக எழுதினாலும் அவருடைய ஓடை வழியே அது தானாக வந்து நம் பக்கத்தில் சேர்ந்துவிடும். மொத்தம் இருநூற்றுப் பதினாறு ஓடைகள். நீ வைத்திருந்ததைவிட நன்றாக வைத்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. வறண்டுபோன ஓடைகளை நீக்கினேன். ஒரே பதிவு இரண்டு முறை வருவதைச் சரிசெய்தேன். ஊர்வாரியாகவும் பொருள்வாரியாகவும் பிரித்தேன். போன வியாழக்கிழமை ஒரு புதிய பத்தியும் சேர்த்தேன்: 'எழுதுபவர் பெயர்'.

பெயர்களை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஓடையின் உள்ளேயே பெயருக்கு ஓர் இடம் இருக்கிறதல்லவா, அதை எடுத்துக் கட்டத்தில் போடும்படி செய்தேன். புனைபெயரில் எழுதுபவர்கள் பலர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஆனால் 'நண்டு' விடவில்லை. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் கடல்நீரை வாராவாரம் புட்டியில் பிடித்துச் சோதித்து எழுதுமே, அந்த நண்டுதான். அதன் பக்கத்தில் எங்கேயும் பெயர் கிடையாது. பதிவைத் தொடங்கிய அன்று படிவத்தில் கேட்டார்கள் என்று உண்மைப் பெயரை எழுதிவிட்டு மறந்திருக்கிறார். திரையில் தெரியாதது ஓடைக்குள் இருந்தது.

ஹுதா மஸ்மூதி. எங்கள் பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர் ஹுதா அக்கா. நண்டு துறைமுக அதிகாரி என்று நீ பந்தயம் கட்டினாய், மருத்துவர் என்று நான் கட்டினேன். இருவரும் தோற்றோம்.

அண்ணா, பக்கத்தை வெளியிடும் முன்பே அந்தப் பெயரை நான் பார்த்துவிட்டேன். தெரியாமல் நடந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். அது பொய். நாற்பத்திரண்டு காலிக் கட்டங்கள் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தன. ஒன்று குறைந்ததே என்று மகிழ்ந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை அக்கா என்னை நடைவழியில் நிறுத்தி, "பட்டியல பாத்துக்கறது நீதானாமே. என் பேர எடுத்துடும்மா, இப்பவே" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இணையக் கடைக்கு ஓடினேன். பக்கம் திறக்க மறுத்துக்கொண்டே இருந்தது. கடைக்காரர், "காலையிலேர்ந்து யாரோ அதையேதான் திறந்து வச்சிருக்காங்க போல" என்று சிரித்தார். பெயரை அழிக்கும்போது மணி நான்கு.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் சாம்பல் நிறக் கார் ஒன்று வந்தது. அக்காவை மேலங்கியோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய அம்மா மூன்று நாளாகக் காவல் நிலைய வாயிலில் போய் நிற்கிறார். அப்படி ஒருவரே இங்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

நேற்று தலைநகரிலிருந்து வந்த ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். நம் பட்டியலை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, "ரொம்ப நேர்த்தியா இருக்கே, யாரு கைவண்ணம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "என் மகன் ஐயா, பிரான்சுல இருக்கான்" என்று சொல்லிவிட்டார். நீ எட்டாத தூரத்தில் இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன், அதனால்தான் சொன்னார். நானும் பேசாமல் நின்றேன். நீ பெருநாளுக்கு வருகிறாய் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. "வரட்டும், வரட்டும். இன்னும் நாப்பத்தொரு கட்டம் காலியா கெடக்கு. அவனும் நாங்களும் உக்காந்து நெரப்பிடறோம்" என்றார். என்னைப் பார்த்து, "நல்லா படிக்கிற பொண்ணு போல" என்றும் சொன்னார்.

பட்டியலில் சேர்ந்தவர்கள் உனக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள்தான் அவர்களுக்கு வேண்டும். அதில் அந்த நாற்பத்தொரு பேரும் இருக்கிறார்கள்.

நாளை மாலை அவர் மறுபடி வருவார். அவர் முன்னாலேயே அம்மா உனக்குத் தொலைபேசியில் பேச வேண்டுமாம், கட்டாயம் வா என்று அழைக்க வேண்டுமாம். அம்மா அழைப்பாள், அழவும் செய்வாள். ஆனால் பெருநாளுக்கு உப்பு மீனும் உலர்திராட்சை வெங்காயக் குழம்பும் செய்துவைக்கிறேன் என்று சேர்த்துச் சொல்வாள். நோன்புப் பெருநாள் சமையலை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எந்த ஸ்ஃபாக்ஸ்காரி செய்வாள்? "தலைநகரத்தானுக்கு அது வெளங்காது. என் பிள்ளைக்கு வெளங்கும்" என்கிறாள் அம்மா. இரவெல்லாம் கண்ணாடி முன் அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தாள்.

விளங்காமல் போயிருந்தால் இந்தக் கடிதம் சொல்லட்டும்: வராதே. பயணச்சீட்டைக் கிழித்துவிடு. பட்டியலை முழுவதுமாக அழித்துவிடு, முக்கியக் கடவுச்சொல் உன்னிடம்தான் இருக்கிறது. மின்னஞ்சல்களை அதற்கு முன்னால் அழி. நான் ஏழு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்தது ஒன்றும் மிஞ்ச வேண்டாம். அந்த நாற்பத்தொரு கட்டங்கள் என்றைக்கும் காலியாகவே இருக்கட்டும்.

அடுத்த பெருநாளுக்கு வா என்றுகூட எழுத எனக்குத் துணிவில்லை. அல்லாஹ் உன்னைத் தூரத்திலேயே வைத்துக் காப்பானாக. ஹுதா அக்காவுக்காக நீயும் துஆ செய். என்னை மன்னிக்க முடிந்த அன்று ஒரு வரி எழுது.

உன் தங்கை,
இன்ஸாஃப்

பின்குறிப்பு: ஆய்வுக்கூடத்தின் சாவி அக்காவின் மேலங்கிப் பையில் இருந்தது. அதனால் மூன்று நாளாக அங்கே விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. "கரண்டு என்ன உங்கப்பன் வீட்டு ஊத்தா?" என்று எங்களைத் திட்டுபவர் அவர். எப்படியும் வந்து அணைத்துவிடுவார் என்று இந்த ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே எழுதினேன். இப்போது இரண்டு ஆண்கள் உள்ளே போய்ப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவை உடைக்கவில்லை. சாவி போட்டுத்தான் திறந்தார்கள். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.