சாம்பல் உறையின் இரண்டாம் பக்கம்

3 மார்ச்

அன்புள்ள அண்ணா,

முழங்கால் வலி குறைந்ததா? அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்.

பள்ளியில் எங்கள் ஓய்வறையில் கணக்கு டீச்சர் பத்திரிகையில் வரும் உன் தொடரைச் சத்தமாகப் படித்தார். வீட்டில் கிடக்கும் ராக் இசைத்தட்டுகளில் யாரும் கவனிக்காமல் விட்டவற்றை மறுபடி கேட்டு எழுதுகிறாயாமே. "உங்க அண்ணனுக்கு என்ன காதுங்க" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, சாம்பல் நிற உறை போட்ட ஆல்பம் வரும்வரை. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில் 'டிரம்ஸ் ஒற்றைச் செருப்போடு படியிறங்குகிறது' என்கிறாய். பத்தொன்பது வயதில் நான் எழுதி அந்த உறைக்குள் வைத்த வரி அது. ஒவ்வொரு தட்டையும் கேட்டு முடித்ததும் ஒரு தாள் எழுதி வைப்பேனே. நீ தனிக்குடித்தனம் போனபோது "பத்திரமா வெச்சிருக்கேன் முயலு" என்று எடுத்துப்போனவை என் தட்டுகள், என் தாள்கள்.

நாற்பத்தாறு வயதில் இதைக் கேட்டு நிற்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் 'குறிப்புகள் என் தங்கையுடையவை' என்று ஒரு வரி போடு. அது போதும்.

உன் முயல்

12 மார்ச்

முயலுக்கு,

வலி அப்படியேதான். நீ போன்கூடச் செய்வதில்லை என்று உன் அண்ணிக்குக் குறை.

ஒரு துண்டுத் தாளுக்கா இத்தனை? உனது எனது என்று நமக்குள் எப்போது வந்தது? நீ நாலு வரி கிறுக்கி வைத்தாய். அதைக் கட்டுரையாக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். சரி, நீ கேட்ட வரியைப் போடுகிறேன். பச்சை உறையிலும் ரயில் படம் போட்ட உறையிலும் தாளைக் காணோம். நினைவிருப்பதை எழுதி அனுப்பு, என் செல்லம்.

அண்ணன்

25 மார்ச்

அன்புள்ள அண்ணா,

இரண்டும் இத்துடன் இருக்கின்றன. தட்டு கையில் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பாட்டாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். திருத்தாத விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது. எதையாவது இவ்வளவு சந்தோஷமாக எழுதி எத்தனை வருடமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அந்த வரி வரும் இதழை எனக்கு ஒன்று அனுப்பு.

முயல்

20 ஏப்ரல்

முயலுக்கு,

என் மானத்தை வாங்கிவிட்டாய். சாம்பல் உறை ஆல்பத்தில் டிரம்ஸ் எங்கேயும் தடுமாறவில்லை, உங்கள் தட்டில் கீறல் இருக்கும் என்று ஒரு வாசகர் எழுதிவிட்டார். பத்திரிகை அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. திருத்தம் போட்டுச் சமாளித்தேன்: 'என் தங்கையின் பழைய குறிப்பை நம்பியதால் நேர்ந்த பிழை.' நீ கேட்டபடி உன்னையும் குறிப்பிட்டாயிற்று, கோபப்படாதே. இதழை அனுப்பியிருக்கிறேன். அதிலேயே வந்த பச்சை உறைக் கட்டுரைக்கு ஏகப் பாராட்டு.

அண்ணன்

28 ஏப்ரல்

அண்ணா,

இதழ் கிடைத்தது. பச்சை உறைக் கட்டுரையில் என் தாள் வார்த்தை மாறாமல் இருக்கிறது. தங்கை என்ற சொல்லைத் தேடினேன். திருத்தத்தில் மட்டும்தான் இருந்தது.

கீறலை டிரம்ஸ் என்று நினைத்தது என் தப்புதான். மறுபடி கேட்டதாக எழுதும் நீ எதில் போட்டுக் கேட்டாய்? நம் வீட்டில் இருந்த ஒரே ரெக்கார்டு பிளேயர் இருபது வருடமாக என் அலமாரி மேல் இருக்கிறது. நீ வேறு வாங்கவில்லை என்று நேற்று போன் செய்தபோது அண்ணி சொன்னார்கள்.

தட்டுகளை எடுத்துவர ஞாயிறு காலை வண்டி அனுப்புகிறேன். நான் வரமாட்டேன், இனி எப்போதும்.

இந்தக் கடிதம் உன் தொடருக்குப் பயன்பட்டால் உன் பெயரிலேயே போட்டுக்கொள். இதில் பிழை எதுவும் இல்லை.