லயத்துக் கூரை மனு

கொழும்பு
15.06.2009

அன்புள்ள அம்மாவுக்கு, தனுஜா எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டி வலி குறைந்ததா? மஸ்கெலியாவில் மழை பிடித்துவிட்டதாமே.

நம் தேயிலைத் தோட்டம் கைமாறியதால், பழைய கம்பெனியின் இணையக் கணக்கில் உள்ள கோப்புகளைப் புதிய கம்பெனியின் கணக்குக்கு மாற்றுவதுதான் இப்போது என் வேலை. அவற்றில், வரிசை வீடுகளின் கூரை ஒழுகுகிறது என்று நம் லயத்தார் கொடுத்த மனுவின் படமும் இருந்தது. உங்கள் கைநாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மையை அப்படி அப்பியிருந்தீர்கள்.

அதையும் மாற்றலாமா என்று மெனேஜரிடம் கேட்டேன். "அது பழைய கம்பெனிக்குக் குடுத்ததுதானே? ஆள் பதிவும் கொழுந்து விபரமும் போதும் மிஸ்" என்றார். வெள்ளிக்கிழமை மனுவோடு சேர்த்துப் பழைய கணக்கையே அழித்தாயிற்று. அழித்தது நான்தான்.

"நம்ம புள்ள ஹெட் ஆபீஸ்ல இருக்கா, பாத்துக்குவா" என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் தேயிலைத் தூள் கொடுத்துவிடுங்கள். என் கட்டில் இருந்த மூலையில் பெரிய வாளியை வையுங்கள், அங்கேதான் முதலில் ஒழுகும். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

அப்பா இதை உங்களுக்குத் தாழ்ந்த குரலில் வாசிக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும்.

மகள்
தனுஜா