தோற்கட்டும் என்று ஒரு ஜெபம்

அக்டோபர் 13, ஞாயிறு

சர்ச்சில் பாஸ்டர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். "நம்ம ஹில்டா அக்காவோட அண்ணன் தயாளன், அமெரிக்காவுல மறுபடியும் எலெக்ஷன்ல நிக்கிறார். ஜெயிக்க ஜெபிப்போம்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆண்டவரே, இந்த ஒரு தடவை தோற்கட்டும்.

அக்டோபர் 16

மாவு அரைக்கும்போதும் அதே நினைப்பு. பாவமோ?

படிக்கப் போனவன், அங்கே மாநிலச் சட்டசபையில் போய் உட்கார்ந்துவிட்டான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு எலெக்ஷன். ஒவ்வொன்றுக்கும் "இதுதான் கடைசி, ஹில்டா. அப்புறம் தாம்பரம்தான்" என்பான். அண்ணியும் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தாள். தனியாக என்ன செய்கிறான்? அவனுக்கென்று மாடியில் ரூம் கட்டி, ஏசி மாட்டி — புறா குடும்பம் நடத்துகிறது.

அக்டோபர் 20

வீடியோவில் வந்தான். இளைத்திருந்தான். வீடு வீடாக நடக்கிறானாம்.

"கட்-அவுட் இல்ல, பிரியாணி இல்ல. என்னண்ணா எலெக்ஷன் அது! இங்க காது குத்துக்கே உன்னைவிடப் பெரிய பேனர் வைக்கிறாங்க."

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "இந்தத் தடவை கஷ்டம்மா."

எனக்குச் சந்தோஷம். ச்சீ.

நவம்பர் 3

பக்கத்து வீட்டு ஈவ்லின் உபவாச ஜெபம் வைத்தாள். "அக்கா, நீங்கதான் ஆரம்பிக்கணும்." உம்முடைய சித்தம் என்று சொல்லி நழுவினேன்.

நவம்பர் 5

தூக்கம் இல்லை.

நவம்பர் 6, புதன்

தோற்றுவிட்டான்.

அவனே கூப்பிட்டான். "பஸ் ஸ்டாப்புக்கு ஒரு கூரை வேணும்னு ஒரு பாட்டி கேட்டுச்சு. அடுத்த வருஷம் வந்துடும்னு சொன்னேன். இனிமே அது யாரைப் போய்க் கேக்கும், ஹில்டா?" அழுதான். அண்ணி செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

எப்பண்ணா வர்றே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அடுத்த தடவை நில்லுண்ணா."

"நெஜமாவா சொல்றே?"

"கூரையை யாரு போடுவா, நானா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். வரமாட்டான். நான்தானே சொன்னேன்.

நவம்பர் 17, ஞாயிறு

புறாவை விரட்டி, மாடியைக் கழுவினேன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஜென்சி வாடகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாவியைக் கொடுத்தேன்.

"ஒரு கண்டிஷன். ரெண்டு வருஷம் கழிச்சு எங்கண்ணன் தோத்தா, நீ காலி பண்ணணும்."

"ஐயையோ ஆண்ட்டி! அப்ப ஜெயிக்கணும்னு நான் தினமும் ஜெபிக்கிறேன்."

"ஜெபி. நல்லா சத்தமா ஜெபி. கீழே எனக்குக் கேக்கணும்."