ஓட்டிப் பார்த்த படம்

தீர்த்தகிரீஸ்வரர் துணை

கோடம்பாக்கம், சென்னை
8-6-1987

என் அருமை ராஜமேரிக்கு,

கடிதம் போடாத கழுதை என்று நீ திட்டுவதற்கு முன்னால் நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன். ஆறு மாதமாகப் பேனாவைத் தொடவே நேரமில்லை. அவரும் பாப்பாவும் சுகம். நீயும் பாப்பிரெட்டிப்பட்டியில் உன் பள்ளிக்கூடமும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் இன்னும் அதே முறைப்புதானா?

நான் சித்திரப்படக் கம்பெனியில் வண்ணம் பூசுகிறேன் என்று போன வருஷம் எழுதினேன் அல்லவா? என்ன படம் என்று வெளியில் மூச்சு விடக் கூடாதென்று முதலாளி உத்தரவு. இப்போது சொல்லலாம். 'தேன்மலைக் குட்டி'! ஆமாம் ராஜி, கிருஷ்ணகிரியில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது நீயும் நானும் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி வாசித்துக் காட்டிய அதே கதைப் புத்தகம். அதைத்தான் படமாக்கியிருக்கிறார்கள். தியேட்டர் ஒன்றும் கிடைக்கவில்லை, நேராக வீடியோ கேசட்டாகவே போட்டுவிட்டார்கள்.

திரையில் ஓடும் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு கண்ணாடித் தாள், எல்லாவற்றிலும் படம் வரைந்திருக்கும். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூச வேண்டும். கரடிக்குட்டியின் ரோமக் கறுப்பு என் நகத்தைவிட்டு இன்னும் போகவில்லை. மழைக் காட்சி மட்டும் பதினொரு மாதம். கடைசியில் பெயர்கள் ஓடும்போது 'வண்ணம்: காவேரி முனிராஜ்' என்று வரும். இண்டூருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "எம் பேரையும் சேத்துப் போடச் சொல்லியிருக்கலாமில்ல? உன்னப் பெத்தவ நாந்தானே" என்கிறாள்.

பள்ளிக்கூடங்கள் கேசட் வாங்கினால்தான் அடுத்த படம். அதற்கு முழு வண்ணப் பொறுப்பும் எனக்குத்தான் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். நீ கட்டாயம் பார்த்துவிட்டு எழுது. ஊரில் எத்தனை பேர் புகழ்ந்தாலும் நீ சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

உன்
காவேரி

*

இயேசு மரி சூசை துணை

பாப்பிரெட்டிப்பட்டி
16-6-1987

அன்புக் காவேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷத்தில் கை ஓடவில்லை. இத்தனை பெரிய காரியத்தை மூடி மறைத்து வைத்திருந்தாயே, கள்ளி!

படத்தைப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கும் கேசட் வந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. மழைக் காட்சியில் என் கண் கலங்கிவிட்டது. உன் உழைப்பு எல்லாம் தெரிகிறது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. பத்திரிகைகளில் யாராவது ஏதாவது எழுதுவார்கள். அதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளக் கூடாது. எழுதுகிறவர்களுக்கு எத்தனையோ அவசரம் இருக்கும்.

இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. பிள்ளைகளின் நோட்டுத் திருத்தி விரல் வீங்கிவிட்டது. பாப்பாவுக்கு என் முத்தம்.

உன்
ராஜமேரி

*

தீர்த்தகிரீஸ்வரர் துணை

கோடம்பாக்கம்
3-7-1987

அன்பு ராஜிக்கு,

உன் வாய் முகூர்த்தமோ என்னவோ, பத்திரிகையில் எழுதியே விட்டார்கள். உங்கள் சிஸ்டர்கள் நடத்தும் 'பள்ளித் தோழி'தான். அதில் 'வெண்புறா' என்ற பெயரில் ஒருவர் கேசட் விமர்சனம் எழுதுகிறாராம். முதலாளி என் மேஜையில் கொண்டுவந்து போட்டார்.

என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "குட்டியின் நடை நடையாக இல்லை, ஒரே ஓட்டமும் பாய்ச்சலுமாக இருக்கிறது. புத்தகத்தில் தாய்க்கரடி சொல்லும் பொன்னான புத்திமதிகளுக்குப் படத்தில் இடமே இல்லை. எதிலும் நிதானம் இல்லாத இந்தப் படம் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல." ராஜி, அந்தக் குட்டியை மெதுவாக நடக்கவைக்க நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம்! இவருக்குக் கண் இருக்கிறதா, கொட்டாங்கச்சி இருக்கிறதா?

அந்தப் பத்திரிகை எல்லாக் கான்வென்ட்டுக்கும் போகிறதாமே. ஒன்பது பள்ளிகள் கேசட்டைத் திருப்பி அனுப்பிவிட்டன. அடுத்த படத்தை நிறுத்தி வைத்திருக்கிறார் முதலாளி. "பாக்கலாம்மா" என்கிறார். அவர் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

நான் சும்மா விடப்போவதில்லை. ஒரு மறுப்பு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது, உனக்குத் தெரியும். நீ திருத்தி, நன்றாகச் சுடுகிற மாதிரி எழுதிக் கொடு. அப்படியே அந்த வெண்புறா யார் என்று சிஸ்டரிடம் விசாரித்துச் சொல். நேரில் போய் நாலு வார்த்தை கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.

உன்
காவேரி

*

இயேசு மரி சூசை துணை

பாப்பிரெட்டிப்பட்டி
29-7-1987

காவேரி,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. உன் மறுப்பை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன். முதல் வரியில் "கண்ணில்லாத வெண்புறாவே" என்று எழுதியிருந்தாய். அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த என்னால் முடியவில்லை. அந்த வெண்புறா நான்தான்.

பாவி நான். என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் பிள்ளைகளுக்குப் படம் போடுவோம். ஒருமுறை ஒரு கேசட்டில், சாமி படம் முடிந்ததும் பழைய பதிவு ஒன்று மிச்சம் இருந்து, வேறு ஏதோ கண்றாவி ஓடிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கேசட் வந்தாலும் நான் முன்னாலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது சிஸ்டரின் கட்டளை. முழுதும் பார்க்க யாருக்கு நேரம்? பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் படம் வேகமாக ஓடும், சத்தம் வராது. அசிங்கமாக எதுவும் இல்லை என்று தெரிந்தால் போதும். அப்படிப் பார்த்த கையோடு பத்திரிகைக்கும் ஒரு பக்கம் எழுதிவிடுவேன். இரண்டு வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன் காவேரி.

அன்றைக்கு டெக் கொண்டுவந்த கடைப் பையன் மாது வாசலிலேயே நின்றான். "டீச்சர், ஆறு மணிக்கெல்லாம் இந்த டெக்கு ஒரு கல்யாண வூட்டுல இருக்கோணுங்க. வெரசா ஓட்டிப் பாருங்க" என்றான். உன் ஒன்றரை மணி நேரப் படத்தைப் பதினைந்து நிமிஷத்தில் ஓட்டினேன், மடியில் பரீட்சைத் தாளோடு. பெயர்கள் வந்தபோது நிறுத்திவிட்டேன். நிறுத்தாமல் இருந்திருந்தால் உன் பெயர் கண்ணில் பட்டிருக்கும். குட்டி ஓடுகிறது, பாய்கிறது என்று எழுதினேனே, அந்த ஓட்டம் என் விரல் செய்த ஓட்டம். சத்தத்தை நானே நிறுத்திவிட்டு, புத்திமதி இல்லை என்றும் எழுதினேன்.

உன் முதல் கடிதம் வந்தபோது பத்திரிகை அச்சாகிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மழையில் கண் கலங்கியது என்று உனக்குப் பொய் எழுதினேன். எந்த மழை, எப்படி மழை என்று எனக்கு அப்போது தெரியாது. பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சர்ச் சாமியாரிடம் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோசனம்? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றார். அதற்கும் எட்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு என் சொந்தச் செலவில் டெக் எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு முழுதும் பார்த்தேன். முடிந்ததும் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். குட்டி எவ்வளவு மெதுவாக நடக்கிறதடி! சேற்றில் கால் வைக்கும் முன் ஒரு கணம் யோசிக்கிறது. புத்தகத்தில் தாய்க்கரடி இரண்டு பக்கம் புத்தி சொல்கிறது. படத்தில் அது மழையில் நனைந்துகொண்டு நின்று, "நனைஞ்சா பரவாயில்ல, வா" என்று ஒரே வார்த்தைதான் சொல்கிறது. பத்து வருஷமாக அந்த இரண்டு பக்கத்தையும் பிள்ளைகளை ஒப்பிக்கவைத்தவள் நான். அந்த ஒரு வார்த்தை போதும் என்று இப்போதுதான் தெரிகிறது. மழைக்குப் பின்னால் மலை கறுத்து, நீலமாகி, மெல்லப் பச்சையாகிற இடத்தில் எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு ஒன்று அதிகம் என்று தோன்றியது. ஆற்றைக் கடந்த பிறகு சில நொடி குட்டியின் இடது காது மட்டும் கறுப்பு இல்லாமல் பழுப்பாக இருக்கிறது, அது ஏன் என்று புரியவில்லை. இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்ததால் இதையும் எழுதுகிறேன்.

சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த இதழில் என் சொந்தப் பெயரில் திருத்தம் போட அரை மனசாக ஒப்புக்கொண்டார். ஆனால் திரும்பி வந்த ஒன்பது கேசட்டை நான் எப்படித் திருப்பி அனுப்புவேன்? உன் அடுத்த படத்தை எங்கே போய்க் கேட்பேன்? திட்டியாவது நாலு வரி போடு.

ராஜமேரி

*

தீர்த்தகிரீஸ்வரர் துணை

கோடம்பாக்கம்
9-8-1987

ராஜமேரிக்கு,

கடிதம் கிடைத்தது.

அடுத்த படம் இல்லை என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். பாதிப் பேரை அனுப்பியாயிற்று. நான் அடுத்த வாரத்திலிருந்து ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் பல்பொடி டப்பா வரையப் போகிறேன். எல்லாம் உன்னால்தான் என்று சொல்ல மாட்டேன், கம்பெனி முன்னாலேயே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. உன்னால் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழிக்கத்தான் போனேன். பார்க்காமல் திட்டினாய். பார்க்காமல் புகழ்ந்தாய். திட்டியதைவிட அந்தப் புகழ்ச்சிதான் எனக்கு எரிகிறது. அந்த ஜூன் மாதக் கடிதத்தை முதலாளிக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் படித்துக் காட்டினேன் ராஜி. "என் சிநேகிதி லேசில் நன்றாயிருக்கு என்று சொல்ல மாட்டாள்" என்று பெருமை அடித்துக்கொண்டேன். இப்போது மூன்றாவதாக ஒன்று எழுதுகிறாய். இதை மட்டும் நான் எப்படி நம்புவது என்று வீட்டில் அவரிடம் கத்தினேன்.

அப்புறம்தான் காது விஷயம் வந்தது. அன்றைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். கறுப்பு தீர்ந்துபோயிருந்தது, வாங்கி வரும்வரை காத்திருக்க முடியாமல் பழுப்பைப் பூசிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மொத்தம் நாற்பது தாள். கம்பெனியில் முப்பது பேர் பார்த்தார்கள், முதலாளி பார்த்தார், ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது கண் அந்தக் காதுக்கே போகும். அதைக் கண்டுபிடித்திருக்கிறாய். அப்படியென்றால் நீ பார்த்துவிட்டாய். மழையையும் பார்த்திருக்கிறாய்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இப்போதே எழுதினால் அது நான் எழுதும் பொய்யாகிவிடும். கொஞ்ச நாள் எனக்குக் கடிதம் போடாதே. திருத்தம் அச்சானதும் பத்திரிகையை மட்டும் அனுப்பு.

திருத்தத்தில் அந்தக் காதையும் எழுது. என் பெயரோடு எழுது, வண்ணம் பூசியவளின் தவறு என்று. வெறும் புகழ்ச்சியாக எழுதினாயானால், இந்தத் தடவையும் நீ பார்க்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

காவேரி